பிள்ளையின் பிடிவாதமும் பெரியோரின் அவசரமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்திலே நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

இன்றைய பேச்சின் பொருளைச் செயலாளர் வாசித்தபொழுது பின்வரிசையிலே ஒரு சிரிப்பொலி எழுந்தது எமது செவியிலும் விழுந்தது. இந்து வாலிபர் சங்கத்து மேடையிலே கக்கூசுப் பேச்சா என்று எண்ணினார் போலும். சிரித்தவர்மீது நாம் குறை சொல்லவில்லை. ஆயினும், நாவலர் பெருமான் இயற்றிய சைவவினாவிடையின் இரண்டாம் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். நித்திய கருமங்களைக் கூறுமிடத்திலே மலசல மோசனமும் அதன்பின் செய்யவேண்டிய சுத்தியும் வினாவும் விடையுமாக வைக்கப்பட்டிருக்கின்றன. நாவலர் கூச்சப்படாத விடயத்தில் நாம் கூச்சப்படுவானேன்?

அவர் அறிவறிந்தவர்களுக்குச் சொன்னார். நாம் பேச வந்தது இரண்டு மூன்று வயதிலே, பம்பேர்சை விட்டுக் கக்கூசுக்கு வா என்றால் “மாட்டன்” என்று கதவு மூலையிலே போய் நிற்கும் பிள்ளையைப் பற்றி.

முன்னாளிலே யாழ்ப்பாணத்து வீடுகளில் இது ஒரு பிரச்சினையாகப் பேசப்பட்டதில்லை. ஆச்சி நிலத்திலிருந்து கால்களை நீட்டி, பாதங்களின்மேற் குழந்தையை இருத்தி, வாயினால் ஒரு சத்தமிடுவார். சில நாளில் அச்சத்தத்துக்கே குழந்தை பழகிவிடும். இடுப்பிலே கட்டுவது பழைய வேட்டித் துண்டு. நனைந்தால் குழந்தைக்கும் தெரியும், வைத்திருப்பவருக்கும் தெரியும். நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு அரைநாண் ஒன்றே உடை, மணல் முற்றமே இடம். இதனைப் பாமர வழக்கம் என்று தள்ளிவிடவும் முடியாது. கிழக்காபிரிக்காவின் டிகோ மக்கள் பிறந்த சில வாரங்களிலேயே இவ்வாறு பழக்கத் தொடங்கி, ஐந்தாறு மாதத்திலே குழந்தையை நனையாதிருக்கச் செய்கின்றனர் என்று 1977ஆம் ஆண்டு ஒரு வைத்திய சஞ்சிகை ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டது.

அதற்காக அக்காலத்தைப் பொற்காலம் என்று நாம் புகழப்போவதில்லை. அந்த மணல் முற்றங்களிலிருந்தே கொக்கிப்புழுவும் வயிற்றோட்டமும் வந்தன. அன்றியும், அந்த முறைக்கு நாள் முழுதும் குழந்தையின் முகக்குறி பார்த்திருக்கும் ஒருவர் வேண்டும். தாயும் தந்தையும் கந்தோருக்குப் போகும் வீட்டில் அவ்வொருவர் யார்?

ஆகவே பம்பேர்ஸ் வந்தது. அந்தப் பெயருடைய சாமான் 1961ஆம் ஆண்டு அமெரிக்காவிலே விற்பனைக்கு வந்தது. இன்று எந்த நிறுவனம் செய்தாலும் எமது கடைகளில் அதற்கு அதுவே பெயர். தாய்மாரின் முதுகை அது எவ்வளவு காப்பாற்றியது என்பதை நாம் மறுக்கவில்லை. அதன் குணமே அதன் குறையுமாயிற்று. நனைந்தது பிள்ளைக்குத் தெரியாதபடி ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றது. வயிற்றில் ஓர் உணர்ச்சி, பின்பு ஒரு நனைவு, இரண்டுக்கும் தொடர்புண்டு என்று பிள்ளை அறியும் வழி அடைபடுகின்றது. இரண்டு வயதுவரை அப்படியே வளர்த்துவிட்டு, ஒரு நாட்காலையிலே அதைக் கழற்றி, “இனிமேல் கக்கூசிலே போ” என்றால் பிள்ளை திகைக்காதா? அந்த வயதிலேதான் “நான்” என்ற எண்ணமும் முளைக்கின்றது. சோற்றை வாய்க்குள் திணிக்கலாம், துப்பிவிடும். நித்திரைக்குக் கிடத்தலாம், கண் மூடாது. மலத்தை இறுக்கி வைத்திருப்பதும் இவைபோலவே பிள்ளையின் முழு அதிகாரத்திற்குட்பட்ட காரியம். அதிலே நாம் போர் தொடுத்தால் வெற்றி அதற்கே.

அமெரிக்கக் குழந்தை வைத்தியர் பிரேசில்ரன் என்பவர் 1962ஆம் ஆண்டிலே 1,170 பிள்ளைகளின் பதிவுகளைக்கொண்டு எழுதிய கட்டுரையின் சாரமும் இதுவே: நாட்காட்டியைப் பாராதே, பிள்ளையைப் பார். அவர் பிற்காலத்தில் பம்பேர்ஸ் விளம்பரத்திலே தோன்றியதனால், விற்பனைக்காகவே காலத்தை நீட்டுகிறார் என்று குறைகூறினோரும் உளர். அக்குறையில் நியாயமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனாலும் வரமாட்டேன் என்று நிற்கும் பிள்ளையைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியென்பதை எமது வீட்டிலேயே கண்டோம். அதைச் சொல்லவே இங்கு வந்தோம். அதில் எமது தவறும் இருக்கிறது.

எமது மகளின் இளைய மகனுக்கு மூன்று வயது நிரம்ப இரண்டு மாதம் இருந்த சமயம். தை மாதத்தில் முன்பள்ளிக்குச் சேர்க்க விண்ணப்பம் கொடுத்தோம். பம்பேர்சுடன் வரும் பிள்ளை சேர்க்கப்படமாட்டாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். உடனே வீடு போர்க்களமாயிற்று. கார்த்திகை மாதத்திலே பம்பேர்ஸ் கழற்றப்பட்டது. பிள்ளையைத் தூக்கிப் பெரியவர்களின் கொமட்டின்மேல் இருத்தினோம். கால்கள் அந்தரத்திலே தொங்கின. விழுந்துவிடாமலிருக்க இரு கைகளாலும் விளிம்பைப் பிடித்திருந்தான். அவன் இருக்கும்பொழுதே ஒருவர் தண்ணீரை இழுத்துவிட்டார். அந்த இரைச்சலிலே அவன் எழுப்பிய கூக்குரல் அயலெல்லாம் கேட்டது. அதன்பின் கக்கூசு வாசலைக் கண்டாலே அழுகை.

நாம் என்ன செய்தோம்? “இவ்வளவு பெரிய பொடியன், வெட்கமில்லையோ? பக்கத்து வீட்டுத் தங்கச்சியைப் பார்” என்றோம். வந்த விருந்தினர் முன்னிலையிலும் சொன்னோம். ரொபி தருவதாக ஆசை காட்டினோம். சரிவராதபோது தடியும் காட்டினோம். அவன் செய்தது ஒன்றே. அடக்கினான். ஒரு நாள், இரண்டு நாள், ஆறு நாளாயிற்று. அலுமாரிக்குப் பின்னால் கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க நிற்பான். முக்குகிறான் என்று நாம் எண்ணினோம், அவனோ வெளிவரவிடாமல் இறுக்கிக்கொண்டிருந்தான். ஏழாம் நாள் கல்லைப்போல் வந்தது. அதிலே இரத்தமும் கண்டோம். பின்னர் சில நாளாக உள்ளாடையிலே தண்ணீராகக் கசிந்தது. வயிற்றோட்டம் என்று நினைத்து, ஆச்சியார் வெறுந்தேத்தண்ணி கொடுத்தார்.

வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது வயிற்றோட்டமல்ல, மலச்சிக்கல்” என்றார். அவர் விளக்கியதை நீங்களும் கேட்டுவையுங்கள். அடக்கிய மலத்திலுள்ள நீரைக் குடல் மேலும் மேலும் உறிஞ்சும், மலம் இறுகும், வரும்போது நோகும், நொந்த பிள்ளை அடுத்தமுறை இன்னும் அடக்கும். நாட்செல்ல மலக்குடல் விரிந்து, வருகிறது என்னும் உணர்ச்சியே மங்கிவிடும். இறுகிய மலத்தைச் சுற்றி நீர்போன்ற மலம் கசியும். அது பிள்ளை அறியாமலே நடப்பது. அதற்காக அடிப்பவர்கள் நோயாளியை நோய்க்காக அடிக்கிறார்கள். “உங்கள் பேரன் பிடிவாதம் பிடிக்கவில்லை ஐயா, பயப்படுகிறான்” என்றார் வைத்தியர். அந்த ஒரு வார்த்தையோடு நாம் வாயை மூடினோம்.

சீகாழியிலே குளக்கரையில் நின்று மூன்று வயதுப் பிள்ளை அழுதபோது, அவ்வழுகைக்கு அம்மையே இரங்கிவந்து பாலூட்டினார் என்று குருபூசைதோறும் கேட்டு உருகுகிறோம். எமது வீட்டு மூன்று வயதுப் பிள்ளை அழுதால் மாத்திரம் அதற்குப் பிடிவாதம் என்று பெயரிடுகிறோம்.

இனிச் செய்த வைத்தியத்தைச் சொல்வோம். முதலாவது, பம்பேர்சைத் திரும்பக் கொடுத்தோம். தோல்வி என்று ஆச்சியார் முணுமுணுத்தார். ஆனால் அன்றிரவே பிள்ளையின் முகம் தெளிந்தது. மலத்தை இளக்கும் மருந்தை வைத்தியர் சொன்ன அளவிலே கொடுத்தோம். சற்று இளகியவுடன் நிறுத்திவிடவேண்டாம் என்று அவர் திட்டமாகச் சொன்னார். பலரும் பிழைவிடுவது அங்கேதான். நாளுக்கு ஐந்து போத்தல் பால்மாப் பால் குடித்தவனுக்கு இரண்டாகக் குறைத்தோம், ஏனெனில் பாலால் வயிறு நிறைந்த பிள்ளைக்குச் சோறும் கீரையும் இறங்கமாட்டா. பப்பாசிப்பழம், குரக்கன் கூழ், இடையிடையே தண்ணீர். ஒரு மாதம் கக்கூசு என்ற சொல்லை வீட்டிலே ஒருவரும் எடுப்பதில்லை என்றும் தீர்மானித்தோம். எமக்கு மிகக் கடினமாயிருந்தது அதுதான்.

பயம் ஆறியபின் படிப்படியாக நடந்தது. பிள்ளை பம்பேர்சுக்குள்ளே போகட்டும், ஆனால் அலுமாரிக்குப் பின்னால் அல்ல, குளியலறைக்குள்ளே நின்று போகட்டும். சில நாளில் அதற்குச் சம்மதித்தான். பின்பு சந்தையிலே அவனையே கூட்டிச்சென்று, பிள்ளைகள் இருந்து போகும் பிளாஸ்ரிக் சட்டிகளில் அவன் தெரிந்த பச்சை நிறச் சட்டியை வாங்கினோம். உடுப்போடு அதிலிருந்து விளையாடினான். கரடிப் பொம்மையை இருத்தினான். அடுத்தபடி, பம்பேர்ஸ் கட்டியபடியே சட்டியில் இருந்து போனான். அதன்பின் தாய் பம்பேர்சின் அடியிலே கத்தரிக்கோலால் ஒரு துவாரம் வெட்டினார். இதைக் கேட்டு மீண்டும் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். இடுப்பிலே பழகிய கட்டு இருக்கிறது, விழுவதோ சட்டியில் விழுகிறது. நாளுக்கு நாள் துவாரம் பெரிதாயிற்று. கடைசியில் இடுப்புப் பட்டி மாத்திரம் மிஞ்சியது. அதைக் கழற்றி எறிந்தவன் அவனே.

அதன் மறுநாள், நாம் விறாந்தையிலே பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கையில், “அம்மப்பா, சட்டி!” என்று ஓடிவந்தான். எடுத்துக்கொடுத்து அருகில் நின்றோம். “நீங்கள் வெளியிலை நில்லுங்கோ” என்று கதவைச் சாத்தினான். நின்றோம்.

வேறு சில குறிப்புகளையும் சொல்லிவிடுகின்றோம். இரண்டு மணிநேரம் நனையாதிருப்பதும், மலங்கழிக்க மறைவிடம் தேடுவதும், தானே களிசானை இறக்க முயல்வதும் பிள்ளை ஆயத்தமாகிவிட்டது என்பதற்கு அடையாளங்கள். இரண்டு வயதையொட்டி இவை தோன்றும்; சிலருக்கு முன்னே, சிலருக்குப் பின்னே. சாப்பிட்டவுடன் குடல் இயல்பாகவே அசையுமாதலால், காலைச் சாப்பாட்டின்பின் ஐந்து நிமிடம் இருத்துவது நன்று. அதற்குமேல் இருத்துவது தண்டனை. பாதம் இரண்டும் ஊன்றியிருக்க வேண்டும். கொமட்டானால் காலடியில் ஒரு பலகை வையுங்கள். குந்தியிருக்கும் நிலையிலே மலவாயில் இலகுவாகத் திறக்கும் என்பதைப் பழைய கக்கூசுகளைக் கட்டியவர்கள் அறிந்திருந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு முன்னிருந்து பின்னாகவே கழுவவேண்டும். மாறிக் கழுவினால் சிறுநீர்வழியிலே கிருமி சேரும். பொத்தான் வைத்த காற்சட்டையைச் சில மாதம் பெட்டியிலே வையுங்கள். வீட்டிலே புதுக் குழந்தை பிறந்தாலும், வீடு மாறினாலும், பழகிய பிள்ளையும் சிலகாலம் பின்வாங்கும். அதற்குக் கோபிப்பதிற் பயனில்லை. இரவு நனைவதோ முற்றிலும் வேறு கதை. ஐந்து வயதிலும் நூறு பிள்ளைகளில் ஏறக்குறையப் பதினைந்து பேர் படுக்கையை நனைப்பர். காலத்தில் தானே மாறும். ஆனால் நெடுநாள் நனையாதிருந்த பிள்ளை திடீரென நனைத்தாலோ, அதிகம் தண்ணீர் கேட்டாலோ, சலம் போக நோகிறதென்று அழுதாலோ தாமதியாது வைத்தியரிடம் காட்டவேண்டும்.

வாலிபர்களே, இன்னும் மணமாகாத உங்களுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். தகப்பனாகும்போது இதைத் தாயின் வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். எமது வீட்டிலே சட்டி கழுவும் முறை மருமகனுக்கும் எமக்கும் வந்தபின்னரே ஏச்சு ஓய்ந்தது. கழுவுபவன் அவசரப்படுத்தமாட்டான், அவனுக்கு அதன் பாரம் தெரியும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இச்சபையிலே முன்பள்ளி நடத்துவோரும் அவற்றின் நிர்வாகத்தில் உள்ளோரும் இருக்கிறீர்கள். பம்பேர்சுடன் வரும் பிள்ளை வேண்டாம் என்ற விதியை ஒருமுறை மீண்டும் எண்ணிப்பாருங்கள். முப்பது பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியைகள் என்றால் உங்கள் கஷ்டம் எமக்கு விளங்குகிறது. ஆனால் அந்த ஒரு வசனம் எத்தனை வீடுகளில் கார்த்திகை மாதத்திலே தடியெடுக்க வைக்கிறது என்பதை நாம் கண்டோம். மாற்று உடுப்புப் பையொன்று, பிள்ளையின் உயரத்துக்கேற்ற ஒரு கக்கூசு, உள்ளே போனபின்னும் வெளிச்சமுள்ள ஒரு யன்னல், சேர்ந்தபின் பழக ஒரு தவணை அவகாசம், இவ்வளவும் கொடுத்தாற் போதும். கக்கூசு கட்டும் செலவில் ஒரு பங்கை இச்சங்கம் ஏற்கலாமா என்பதை அடுத்த நிருவாக சபைக் கூட்டத்திலே தலைவர் அவர்கள் எடுத்துப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம்.