கறள் பிடித்த மோறிஸ் மைனர்



1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான மோறிஸ் மைனர் இனத்துக் காரொன்று அயலூர்க் கொட்டிலிலே கறள் பிடித்துக் கிடந்தது. அதை வாங்கிப் புதுப்பிக்க ஆவல் கொண்டு, பெரியப்பாவை அழைத்துச் சென்றேன். அவர் மட்காட்டிலிருந்த கறளைப் பொருட்படுத்தவில்லை. கீழே குனிந்து, கதவின் அடிப்பகுதியில் ஓடும் தகட்டைத் திருப்புளியாற் குத்தினார். அது உள்ளே இறங்கிற்று.

"தம்பி, மட்காட்டைக் கழற்றி மாற்றலாம். இந்தக் காருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை; உடல்தான் பாரத்தைத் தாங்குகிறது. அடித்தகடு உக்கினால் வெட்டி ஒட்டவேண்டும். வாங்கிய பின் அதற்குக் காசு இருக்கிறதா?"

இருக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன், வருத்தந்தான். ஆயினும் தேடலைக் கைவிடவில்லை. அடி உறுதியான மைனர் கிடைக்குமாயின், வர்ணம் மங்கியிருப்பினும் வாங்குவேன்.