கவி லிண்டனும் அவரது அச்சாபீஸும்



இன்று நாம் பேசப்போவது இங்கிலாந்தில் இருந்த லிண்டன் என்னும் ஒரு கவியைப் பற்றியாகும். கவி என்றதும் ராஜாவைப் புகழ்ந்து பாடிப் பரிசு வாங்கினவர் என்று எண்ணிவிடாதீர்கள். ராஜாவே வேண்டாம் என்று பாடினவர் அவர்.

வில்லியம் ஜேம்ஸ் லிண்டன் 1812-ல் லண்டனில் பிறந்தார். 1828-ல் மரத்தில் சித்திரம் வெட்டும் தொழில் பழகப் போனார். அக்காலத்தில் பத்திரிகைப் படங்களை மரக்கட்டையில் வெட்டித்தான் அச்சிடுவார்கள். அத்தொழிலில் அவர் முதல் வரிசைக்கு வந்தார். சும்மா இருந்திருந்தால் சுகமாக ஜீவித்திருக்கலாம். ஆனால் அவர் செய்ததென்ன?

அந்நாளில் பத்திரிகைக்கு முத்திரை வரி என்று ஒன்று இருந்தது. 1815 முதல் தாளுக்கு 4 பென்ஸ். ஏழை படித்துவிடக்கூடாது என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தமென்ன? 1836-ல் அது 1 பென்னியாகக் குறைந்தது. ஜேம்ஸ் வாட்சன் போன்ற பகுத்தறிவுப் பிரசுரகர்த்தர்கள் முத்திரையில்லாத தாள் விற்றதற்கும், மதத்தைக் கண்டிக்கும் புத்தகம் விற்றதற்கும் ஜெயிலுக்குப் போனார்கள். அவர்கள் வழியில் வந்தவரே லிண்டன். 1839-ல் பாமர மக்களுக்கென 'நேஷனல்' என்னும் வாரப் பத்திரிகை நடத்தினார். அது சில மாதத்தில் நின்றது.

1851-ல் 'இங்கிலீஷ் ரிபப்ளிக்' தொடங்கினார். ரிபப்ளிக் என்றால் தமிழில் குடிஅரசு! 1925-ல் ஈரோட்டில் பெரியார் தொடங்கிய பத்திரிகையின் பெயரும் அதுதானே. பிராண்ட்வுட் என்னும் ஏரிக்கரை வீட்டிலேயே அச்சு இயந்திரம் வைத்தார். ஆடம்ஸ் முதலிய வாலிபர்கள் வந்து உழைத்தார்கள். சித்திரம் வெட்டிச் சம்பாதித்த பணம் இதிலே போயிற்று. 1855-ல் பத்திரிகை நின்றது. முத்திரை வரி ஒழிந்ததும் அதே வருஷந்தான்! சர்க்கார் கொல்லாததைச் சந்தா வராமை கொன்றுவிட்டது.

அப்படியும் அவர் ஓயவில்லை. 1866-ல் அமெரிக்கா போய், அங்கும் வீட்டிலேயே 'ஆப்பிள்டோர்' அச்சகம் வைத்து, தம் கையாலேயே சிறு புத்தகங்கள் அச்சிட்டார். வாட்சனின் சரித்திரமும் அவற்றில் ஒன்று. 1897-ல் 85-வது வயதில் இறந்தார்.

அவர் நாஸ்திகரா என்று கேட்பீர்கள். மாஜினியின் 'கடவுளும் மக்களும்' என்ற வாக்கியத்தை ஏற்றவர்தான். அதில் நமக்கு அவரோடு ஒப்புதல் இல்லை. ராஜாவுக்கும் பிரபுவுக்கும் தலைவணங்காமல், தன் காசைப் போட்டு ஏழைக்கு அறிவு தந்தாரே, அதற்காகவே நாம் மரியாதை செய்கிறோம்.

தோழர்களே! இரவல் வாங்கிப் படித்துவிட்டு "பேஷ்" என்றால் காகிதக் கடைக்காரர் காகிதம் கொடுத்துவிடுவாரா? கோவில் உண்டியலுக்குப் போகும் காசைச் சந்தாவாகக் கட்டுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இதைவிட அதிகமாக உங்களிடம் நாம் கேட்கவில்லை.