விண்ணப்பம் நிரப்புவதற்குக் காசு கொடுக்காதீர்கள்

(இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் அம்மா பால் வெட்டியவர். நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்தேன். அம்மாவின் பெயர் என் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், சம்பளத் துண்டில் இன்னொரு விதம். விளக்கம் கேட்டு வந்த கடிதம் தோட்டக் காரியாலயத்திலேயே கிடந்தது. என் கைக்கு வரும்போது திகதி முடிந்துவிட்டது. அந்த வருடம் அம்மா காதுத் தோட்டை அடகு வைத்து என்னை அனுப்பினார். தோடு திரும்பி வரவே இல்லை.

பரீட்சையில் பாஸ் பண்ணிய பிள்ளை கடதாசியில் தோற்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என்னென்ன உதவி இருக்கிறது? தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தால் மட்டும் பணம் வந்துவிடாது. குறைந்த வருமானம் என்று காட்டி, பாடசாலை அதிபர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். உயர்தரம், பல்கலைக்கழகம் படிக்கும் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் இருக்கிறது. 1940களில் தொடங்கியது, இந்திய உயர்ஸ்தானிகராலயம் விண்ணப்பம் கோரும். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு 1981இல் வந்த மகாபொல. அது கிடைக்காதவர்களுக்கு உதவிப்பணம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகக் கூட்டப்பட்டது. போர்டிங் வாடகைக்கு அது பெரிய காசு.

இனி, நாம் தவறும் இடங்கள்.

முதலாவது பெயர். மூன்று கடதாசியிலும் ஒரே பெயரா என்று இன்றிரவே பாருங்கள். வித்தியாசம் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். பெறுபேறு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

இரண்டாவது வருமானம். பால் நிறைய வந்த ஒரு மாதத்துச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி எழுதுகிறார்கள். மழைக்கு வெட்டாத நாட்களை யார் கணக்கெடுப்பது? வருடம் முழுவதும் உண்மையில் எடுத்த சம்பளத்துக்குத் தோட்டக் காரியாலயத்தில் கடிதம் கேளுங்கள். கொழும்பில் வேலை செய்யும் அப்பாவின் சம்பளத்தை மறைக்கவும் வேண்டாம். பொய் பிடிபட்டால் பிள்ளைதான் இழக்கும்.

மூன்றாவது பாஷை. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் சிங்களம் தெரியாமல் திரும்பி வருகிறோம். சப்ரகமுவவிலும் அரச அலுவலகத்தில் தமிழில் கருமமாற்ற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை நமக்கு உரிமை தருகிறது. தனியாகப் போய்க் கேட்கப் பயமென்றால் சங்கத்திலிருந்து ஒருவர் கூட வருவார்.

நான்காவது தரகர். டவுனில் போர்ம் நிரப்பக் காசு வாங்குகிறார்கள். சிலர் "மகாபொல எடுத்துத் தருகிறேன்" என்று முதல் தவணையிலும் பங்கு கேட்கிறார்கள். ஏமாறாதீர்கள். வருமானமும் புள்ளியும் பார்த்துத்தான் தெரிவு நடக்கிறது; தரகருக்கு அதில் ஒரு கையும் இல்லை.

ஒவ்வொரு மாதமும் முதலாவது ஞாயிறு காலை நமது சங்கக் காரியாலயத்தில் ஆசிரியர்கள் உட்கார்ந்திருப்போம். போர்ம் நிரப்புவோம், ஒன்லைனில் அனுப்புவோம், பிரதி எடுத்துத் தருவோம். ஒரு சதமும் வேண்டாம். சந்தா கட்டாத வீட்டுப் பிள்ளையும் வரலாம்.

தலைவிமாரிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் டிவிசனில் இந்த வருடம் தரம் 5, உயர்தரம் எழுதும் பிள்ளைகளின் பெயரை லயம் லயமாக எழுதி வாருங்கள். கிழமைக்கு ஒரு தடவை காரியாலயத்தில் அவர்களுக்குக் கடிதம் வந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி ஒரு அம்மாவின் தோடும் அடகுக்குப் போக வேண்டாம்.