விளக்கு எரியும், காற்றை யார் பிடிப்பது?

(தலைப்பு: பயணத்தில் நம்மைக் காப்பது கருவியா? கவனமா? காரைக்கால் பட்டிமன்றத்தில் ‘கவனமே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! கருவியைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிற எதிரணி நண்பர்களே! காரைக்கால் வாழ் பெரியோர்களே, தாய்மார்களே!

எதிரணித் தலைவர் என்ன சொல்லிட்டுப் போனார்? “எங்க எஸ்.யூ.வி. வண்டியிலே டயருக்குள்ளேயே கருவி இருக்கு. காற்று குறைஞ்சா விளக்கு எரியும். இனிமே மனுஷன் கவலைப்பட வேண்டாம்”னார். ஐயா, விளக்கு எரியும். இல்லேன்னு யார் சொன்னது? எரிகிற விளக்கு எழுந்து போய்க் காற்றுப் பிடிச்சிட்டு வருமா? (சிரிப்பு, கைதட்டல்)

இது அம்மையார் பிறந்த ஊர். தலையாலே நடந்து கயிலைக்குப் போனவர் அவர். அவருக்கு டயரும் வேண்டாம், காற்றும் வேண்டாம். (சிரிப்பு) நாம அப்படியா? திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி என்று தாத்தா பாட்டி முதல் பேரன் பேத்தி வரை ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போகிறோம். அத்தனை உயிரும் நாலு உள்ளங்கை அகல ரப்பரை நம்பித்தான் போகிறது.

ஒரு வீட்டம்மா கேட்டாங்களாம்: “ஏங்க, குதிரை லாடம் மாதிரி ஒரு படம், நடுவிலே ஆச்சரியக்குறி, மஞ்சளா எரியுதே?” “அது சும்மா எரியும், நீ பேசாம வா.” மறுநாள் ஐயா என்ன பண்ணினார் தெரியுமா? அம்மாவோட ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த விளக்கு மேலே ஒட்டிட்டார்! (பலத்த சிரிப்பு) ஆச்சரியக்குறி போட்டது ஆச்சரியப்பட்டுட்டு சும்மா இருக்கவா?

அந்த விளக்கு வந்த கதையைக் கேளுங்கள். ஃபோர்டு எக்ஸ்புளோரர் என்கிற குடும்ப வண்டியிலே போட்டிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே உரிந்து, வண்டிகள் கவிழ்ந்த செய்தி 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவை உலுக்கியது. இறந்தவர்கள் 250 பேருக்கும் மேலே! அந்த ஆண்டே சட்டம் வந்தது. அதன் வழியாகத்தான் இந்தக் கருவி அங்கே கட்டாயம் ஆனது. அத்தனை உயிரைக் கொடுத்து வாங்கின விளக்கு ஐயா அது! அதிலே பொட்டு ஒட்டலாமா? (கைதட்டல்)

சரி, விளக்கு என்ன சொல்லுது? அது இரண்டு பாஷை பேசும். நிலையா எரிஞ்சா, “காற்று குறைவு, என்னைப் பார்” என்று அர்த்தம். வண்டியைக் கிளப்பினதும் ஒரு நிமிஷம் போல மினுக்கி மினுக்கி, அப்புறம் நிலைச்சு நின்னா, பெரும்பாலான வண்டிகளிலே “எனக்கே உடம்பு சரியில்லை” என்று அர்த்தம். (சிரிப்பு) அப்போ டயரிலே காற்று இருக்கா இல்லையான்னு சொல்ல அதுக்கே தெரியாது.

கருவிக்கு ஏன் உடம்பு கெடுது? உள்ளே ஒரு சின்ன பேட்டரி. ஏழெட்டு வருஷத்திலே அதன் ஆயுள் முடியலாம். பஞ்சர் கடையிலே டயரை நெம்பும்போது சென்சார் உடையலாம். அதனாலே “பாய், உள்ளே சென்சார் இருக்கு, பார்த்துக் கழட்டுங்க” என்று முதலிலேயே சொல்லிடணும். ஸ்டெப்னி மாட்டியிருந்தா, அதிலே சென்சாரே இல்லாம இருக்கலாம். நம்ம ஊர் உப்புக்காற்று வேறே! அலுமினிய வால்வை அரிச்சு, உள்ளே இருக்கிற ஊசியைப் பிடிச்சுக்கும்.

சில வண்டிகளிலே டயருக்குள்ளே சென்சாரே கிடையாது. காற்று குறைஞ்ச சக்கரம் கொஞ்சம் வேகமாச் சுத்தும். அதை வெச்சுக் கண்டுபிடிக்கும். காற்றுப் பிடிச்ச பிறகு பொத்தானை அமுக்கி, “இதுதான் சரியான அளவு” என்று நாமதான் சொல்லிக் கொடுக்கணும். நாலு டயரும் ஒண்ணா இளைச்சா, அதுக்குப் பெரும்பாலும் தெரியாது. வீட்டிலே நாலு பேரும் தூங்கிட்டா யார் யாரை எழுப்புறது? (சிரிப்பு)

இன்னொன்று. மார்கழி விடியலிலே எரிஞ்ச விளக்கு, கொஞ்ச தூரம் ஓடினதும் தானா அணையும். சரியாயிட்டுது என்று நினைக்காதீங்க. சூட்டிலே காற்று விரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். அமெரிக்க விதிப்படி 25 சதவீதம் குறைந்தால்தான் விளக்கு எரிந்தாக வேண்டும். 33 பவுண்டு இருக்க வேண்டிய டயர் 27-க்கு இறங்கினாலும் அது வாய் திறக்காமல் இருக்கலாம். 2020 அக்டோபர் முதல் நம் நாட்டிலே, டியூப் இல்லாத டயரும், இந்தக் கருவியும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருக்கிற காருக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. விளக்கை அலட்சியப்படுத்தினா, மாற்றுவதற்கு டயரும் இருக்காது!

பெட்ரோல் விலை குறைவு என்று பக்கத்து ஊரிலேர்ந்தெல்லாம் காரைக்காலுக்கு வண்டி வருது. காசு கொடுத்துப் பெட்ரோல் போடுறோம். பக்கத்திலேயே இலவசமாக் கிடைக்கிற காற்றைப் பார்க்க இரண்டு நிமிஷம் இல்லை. காற்று குறைஞ்ச டயர் அந்த மிச்சக் காசையும் தின்னுடும் ஐயா! (கைதட்டல்)

தாய்மார்களே, மாதம் ஒரு முறை, டயர் சூடேறும் முன்னே, ஓட்டுநர் கதவோரத்திலே ஒட்டியிருக்கிற அளவைப் பார்த்துக் காற்றுப் பிடிக்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னி இருந்தால் அதற்கும் சேர்த்து. காற்று சரியா இருந்தும் விளக்கு எரிஞ்சா, அப்போ கருவியைக் காட்ட மெக்கானிக்கிடம் போகட்டும்.

எல்லாம் நல்லா நடக்கிறபோதுதான் மனிதன் மறப்பான் என்று தெரிந்தே, வள்ளுவர் பொச்சாவாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். கருவி சொல்லும், கவனம்தான் செய்யும். குழந்தைகளை வீடு கொண்டுவந்து சேர்ப்பது கவனமே, கவனமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.