புண்ணாக்கும் பாலும்: கறவை மாட்டின் அமினோ அமிலத் தேவை



மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. வள்ளுவர் கல்வி அதிகாரத்தின் இறுதிக் குறளில் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டுள்ளார். மலாயாவுக்கு வந்த தமிழருள் பலர் தோட்டப்புறங்களில் மாடு வளர்த்து, பால் விற்றுப் பிழைத்தனர். அவ்வினத்தைக் கால்நடை அறிவியலார் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்றே வகைப்படுத்தியுள்ளனர். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. ஆகவே, தொழுவத்தில் இடும் தீவனத்தின் தரமே முதன்மையாகிறது.

நம் நாட்டில் எளிதிற் கிடைக்கும் தீவனம் செம்பனைப் பருப்புப் புண்ணாக்கு. அதில் நூற்றுக்கு 14 முதல் 18 பங்கு வரை புரதம் உண்டு. பால் குறைந்தால் புண்ணாக்கைக் கூட்டுவோர் உளர். கூட்டியும் பால் கூடாமற் போவது ஏன்?

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் மாலை கட்டுவதை நாம் கண்டிருக்கிறோம். மூன்று வெள்ளைப் பூவுக்கு ஒரு சிவப்புப் பூ என்பது கணக்கானால், சிவப்புப் பூ தீர்ந்தவுடன் மாலை நின்றுவிடும். வெள்ளைப் பூ கூடை நிறைய இருந்தும் பயனில்லை. புரதமும் 20 வகை அமினோ அமிலங்கள் கோத்த மாலையே. பாற்புரதம் உருவாகும்போது பெரும்பாலும் முதலில் பற்றாக்குறையாவன லைசினும் மெத்தியோனினும் ஆகும். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2001ஆம் ஆண்டு வெளியிட்ட கறவை மாட்டு ஊட்ட நூல், இவ்விரண்டும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அமைதல் நன்று எனக் காட்டியது. எஞ்சிய அமினோ அமிலங்களின் நைட்ரஜனை ஈரல் யூரியாவாக்குகிறது. அதில் பெரும்பகுதி சிறுநீரில் கழிகிறது. காசு கொடுத்து வாங்கிய புரதம் தொழுவச் சாக்கடையில் ஓடுகிறது.

மாட்டுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் தீவனப் புரதத்தின் பெரும்பகுதியைச் சிதைத்துத் தம் உடற்புரதமாக்கிக் கொள்கின்றன. பின்னர் அவையே மாட்டுக்கு உணவாகின்றன. அப்புரதம் லைசின் நிறைந்தது. எனவே, நல்ல புல்லிட்டு நுண்ணுயிர்களைப் பேணுவதே முதற்பணி. கோழித் தீவனத்திற் கலக்கும் மெத்தியோனின் தூளை அப்படியே மாட்டுக்கு இட்டால், பெரும்பகுதி இரைப்பையிலேயே சிதைந்துவிடும். அதனாலேயே மாட்டுக்கென உறையிட்டுக் காத்த மெத்தியோனின் விற்கப்படுகிறது.

செம்பனைப் பருப்புப் புண்ணாக்கில் லைசின் குறைவு. சோயாப் புண்ணாக்கில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. நம் முன்னோர் அறிந்த எள்ளுப் புண்ணாக்கோ மெத்தியோனின் மிக்கது, லைசின் குறைந்தது. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. பல புண்ணாக்குகளைக் கலந்திடுவதன் பொருள் இதுவே.

மாணவர்களே, தீவன மூட்டையில் 'புரதம் எவ்வளவு?' என்று மட்டும் பாராமல், 'எத்தகைய புரதம்?' என்றும் கேட்கப் பழகுவோம். அக்கேள்வியைத் தமிழில் கேட்டு, தமிழில் விளக்கி, மாடு வளர்ப்போரிடம் சேர்ப்பது கற்ற நம் கடமை.