பரணில் கிடந்த பெட்டி

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில், எலக்ட்ரானிக்ஸ் பிரிவு முன்னாள் மாணவர் ஒருவர் பேசியது. மலர்க் குழு கேட்டுக்கொண்டபடி, அவரே எழுதிக் கொடுத்தது.)



"ஏதாவது டெக்னிக்கலா பத்து நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் பேசப்போவது ஒரு பழைய ரூட்டர் பற்றி. சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் வீட்டுப் பரணில் அது இப்போதும் கிடக்கிறது.

1981ல் டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரு தகரப்பெட்டியோடு கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி ஓசூரில் இறங்கியவன் நான். அப்போது அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. டைட்டன் வரவில்லை. சிப்காட்டில் பாதி இடம் பொட்டல். ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் சேர்ந்தேன். வேலை மாறினாலும் பிரிவு மாறவில்லை. 2020 ஜனவரியில் ஓய்வு பெற்றேன். "இனிமே நிம்மதியா உட்காரலாம்" என்று நினைத்தேன். மார்ச் 25ஆம் தேதி நாடு முழுக்க எல்லோரையும் உட்கார வைத்துவிட்டார்கள்.

எங்கள் ஊர் எல்லையூர் என்பது உங்களுக்குத் தெரியும். கடையில் தமிழ், பால்காரரிடம் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம். செல்போன் வந்த புதிதில், வீட்டு மாடியில் நின்றால் தமிழ்நாடு, பக்கத்துத் தெருவுக்குப் போனால் கர்நாடகா என்று சிக்னல் மாறி, ரோமிங் காசு பிடித்துக்கொள்வான். ரேடியோ அலைக்கு ஜூஜூவாடி செக்போஸ்ட் எல்லாம் தெரியாது. ஆனால் மனுஷனுக்குத் தெரிந்தது. இ-பாஸ் இல்லாமல் அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்குப் போக முடியவில்லை. ஒரு ஸ்க்ரூ வேண்டும் என்றாலும் பெங்களூரு எஸ்.பி. ரோடுக்கு ஓடிப் பழகிய எங்களுக்குக் கை உடைந்த மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் அதே காம்பவுண்டில் ஒரு ஷீட் வீடு உண்டு. அதில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. அவர் ஒரு சிறு தொழிற்சாலையில் லேத் ஆபரேட்டர். அப்போது அவருக்குப் பாதிச் சம்பளம். ஒரே மகள், பிளஸ் டூ. ஜூலை மாதம் ஆன்லைன் வகுப்பு தொடங்கியபோது எங்கள் வை-ஃபை பாஸ்வேர்டை நானே கொடுத்தேன். கொடுத்ததும் என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அந்தப் பெண் தினமும் காலையில் எங்கள் பின்வாசல் படியில் போனும் நோட்டுமாக உட்கார்ந்திருக்கும். வீட்டுக்குள் புழுக்கமாக இருக்கும், காற்றுக்காக உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன். மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் தூறல். அப்போதும் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது. என் மனைவிதான் சொன்னாள்: "ஏங்க, முப்பத்தெட்டு வருஷம் மெயின்டனன்ஸ் பாத்தேன்னு பெருமை அடிக்கிறீங்களே. அந்தப் பொண்ணு காத்து வாங்கவா மழையில உட்கார்ந்திருக்கு? நம்ம நெட்டு அந்தப் படி வரைக்கும்தான் வருது."

எனக்குச் சுருக்கென்றது. போய்க் கேட்டால், "பரவாயில்ல தாத்தா, இங்க நல்லா வருது" என்றது. அப்பா, "தொந்தரவு பண்ணாதே"ன்னு சொல்லி வைத்திருக்கிறார். அவர் வந்து, "நெட்டுக்கும் சேத்து வாடகையில கூட்டிக்குங்க சார்" என்றார். பாதிச் சம்பளத்தில் இருக்கிற மனுஷன் சொல்கிற வார்த்தையா அது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏன் சிக்னல் போகவில்லை? எங்கள் சமையலறைச் சுவர் அந்தக் காலத்துக் கருங்கல் சுவர், ஒன்றரை அடி. அதை ஒட்டி வெளியே தண்ணீர் டேங்க். வை-ஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளம். கல் அதைக் குறைக்கும், தண்ணீர் நன்றாகவே குடித்துவிடும், தகர ஷீட் திருப்பி அடிக்கும். மூன்றும் வரிசையாக நின்றால் என்ன மிஞ்சும்? புது ரிசீவர் வாங்கலாம் என்றால் கடை இல்லை. ஆன்லைனில் வரச் சொன்னால் எப்போது வரும் என்று தெரியாது. அப்போதுதான் பரணில் ஏறினேன்.

அங்கே இரண்டு பெட்டிகள். ஒன்று, டெலிபோன் வயரில் பிராட்பேண்ட் வந்த காலத்துப் பெட்டி. இன்னொன்று, மகன் வாங்கிப் போட்ட ஒற்றை ஆன்டெனா ரூட்டர். கூடவே அவன் விட்டுப்போன பழைய டெஸ்க்டாப். அதில் வை-ஃபை கிடையாது, லேன் வயர் குத்தும் ஓட்டை மட்டும் உண்டு.

மாணவச் செல்வங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரூட்டர் என்பது வெறும் பெட்டி இல்லை. அதற்குள் ஒரு சிறு கம்ப்யூட்டர், ஒரு ரேடியோ, நான்கைந்து வயர் செருகும் ஒரு ஸ்விட்ச், மூன்றும் இருக்கின்றன. ரேடியோ பேசவும் செய்யும், கேட்கவும் செய்யும். கம்பெனிக்காரன் அதை 'கொடுக்கிற' வேலையில் வைத்திருக்கிறான். நாம் அதை 'வாங்குகிற' வேலைக்கு மாற்றினால் ரிசீவர். அவ்வளவுதான் ரகசியம்.

இதை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு நீலநிறப் பெட்டி. லின்க்ஸிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி, 2002 கடைசியில் வந்தது. உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று ஆர்வலர்கள் கண்டுபிடிக்க, உரிம விதிப்படி மூல நிரலை 2003ல் வெளியிட வேண்டியதாயிற்று. அதை வைத்து 2004ல் 'ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.' என்ற இலவச மென்பொருள் தொடங்கியது. வெனிசுவேலா நாட்டில் எர்மானோ பியட்ரோசெமோலி என்ற பேராசிரியர் 2006ல் அதே ரகப் பெட்டிகளையும் பெரிய டிஷ் ஆன்டெனாக்களையும் மலை உச்சிகளில் வைத்து 279 கிலோமீட்டருக்கு இணைப்பு கொடுத்தார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆட்களோடு சேர்ந்து, வை-ஃபை ரேடியோவையே நீண்ட தூரத்துக்கு மாற்றி அமைத்துக் கிராமத்துக் கண் மையங்களை இணைத்தது. கிராமத்து நோயாளி அங்கிருந்தே தேனி டாக்டரிடம் வீடியோவில் பேசினார். நம் நாட்டில் 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று ஆக்கியதும் இதற்கெல்லாம் வழிவிட்டது. தேனியில் கிராமங்களையே இணைத்துவிட்டார்கள், நான் ஒரு சமையலறைச் சுவரைத் தாண்ட முடியாதா?

முதல் பெட்டி தோல்வி. அதன் மெனுவில் 'கொடுக்கிற' வேலை மட்டும்தான் இருந்தது. இரண்டாவதில் 'டபிள்யூ.டி.எஸ். பிரிட்ஜ்' என்று ஒரு கட்டம் இருந்தது. அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். வை-ஃபை அனுப்பும் தபால் உறையில் சாதாரணமாக மூன்று முகவரிக்குத்தான் இடம்: அனுப்புபவர், பெறுபவர், நடுவில் இருக்கும் ரூட்டர். நம் ரிசீவருக்குப் பின்னால் இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தால் அதன் முகவரி எழுத இடம் போதாது. டபிள்யூ.டி.எஸ். நான்காவது கட்டத்தைத் திறந்துவிடுகிறது. வேறு வேறு கம்பெனிப் பெட்டிகள் சில சமயம் இதில் ஒத்துப்போகாது. அப்போது 'கிளையண்ட்' அல்லது 'விஸ்ப்' என்ற முறை இருந்தால் அதை வைக்கலாம். அதில் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ரிசீவரின் ஒரே முகவரிக்குள் ஒளிந்துகொள்ளும். வேலை நடக்கும்.

இனி நான் செய்த தப்புகள். சரியாகச் செய்ததைவிட இதுதான் உங்களுக்கு உபயோகம்.

முதல் தப்பு: இரண்டு ரூட்டருக்கும் பிறவி முகவரி ஒன்றே, 192.168.0.1. அதை மாற்றாமல் இரண்டையும் இணைத்துவிட்டேன். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. தபால்காரர் என்ன செய்வார்? மொத்த வீட்டுக்கும் நெட் போனது. மாடியில் கம்பெனி மீட்டிங்கில் இருந்த என் மகள், "அப்பா! என்னத்தத் தொட்டீங்க?" என்று போட்ட சத்தம் ராயக்கோட்டை ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். பழைய பெட்டியை முதலில் தனியாக ஒரு கம்ப்யூட்டரில் வயரால் இணைத்து, பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் குச்சி விட்டுப் பத்து விநாடி அழுத்தி ரீசெட் செய்து, முகவரியை 192.168.0.2 என்று மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

இரண்டாம் தப்பு: டி.எச்.சி.பி.யை நிறுத்தவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் முகவரி கொடுக்கும் வேலை அது. பிரிட்ஜ் முறையில் ஒரு வீட்டுக்கு ஒரு ஆள்தான் அந்த வேலை பார்க்க வேண்டும். பெரிய ரூட்டர் பார்க்கிறது, சின்னதை நிறுத்திவிட வேண்டும். விஸ்ப் முறை என்றால் நிறுத்தக் கூடாது. இந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் தப்பு: பெட்டியைக் கொண்டுபோய் ஷீட் வீட்டு மூலையில் வைத்தேன். அங்கேதான் சிக்னலே இல்லையே, பெட்டி எதைப் பிடிக்கும்? வாங்கிக் கொடுக்கிறவன் கொடுக்கிற இடத்துக்குக் கண்ணில் படுகிற மாதிரி நிற்க வேண்டும். அந்த வீட்டில் எங்கள் பின்வாசலைப் பார்த்து ஒரு ஜன்னல் உண்டு. பெட்டியை அந்த ஜன்னல் விளிம்பில் வைத்து, அங்கிருந்து லேன் வயரை டெஸ்க்டாப்புக்கு இழுத்தேன். வயரில் கொடுப்பதில் ஒரு லாபம்: ஒரே ரேடியோ வாங்கிய பாடத்தையே திரும்பக் காற்றில் சொன்னால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். வயரில் போனால் அந்த நஷ்டம் இல்லை.

மானிட்டரில் டீச்சர் முகம் வந்தது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டைப் பிரித்து எழுத ஆரம்பித்தது. அவர் அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை கதவைத் தட்டியது. "தாத்தா, வரல." நான்காம் தப்பு! இரவில் கரண்ட் போய் வந்திருக்கிறது. பெரிய ரூட்டர் 'ஆட்டோ' சேனலில் இருந்ததால், எழுந்ததும் வேறு சேனலுக்கு மாறிவிட்டது. சின்னது பழைய சேனலிலேயே காத்துக் கிடக்கிறது. பெரியதை 6ஆம் சேனலில் நிலையாக வைத்தேன். 1, 6, 11 இவை மூன்றும் ஒன்றோடொன்று இடிக்காது. அக்கம்பக்கத்தில் எது காலியோ அதை எடுத்துக்கொள்ளலாம். அதன்பிறகு அந்தக் கல்வியாண்டு முழுக்க பெட்டி ஓடியது.

சில எச்சரிக்கைகள். பழைய பெட்டிக்குக் கம்பெனி இனி மென்பொருள் திருத்தம் அனுப்பாது. அதனால் அதை நேராக வெளி இணைப்பில் மாட்டாதீர்கள், புது ரூட்டருக்குப் பின்னால் மட்டும் வையுங்கள். 'அட்மின், அட்மின்' என்ற பிறவிக் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். வெப் என்ற பழைய பூட்டு மட்டும்தான் உண்டு என்றால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். 2001லேயே அந்தப் பூட்டை உடைத்துவிட்டார்கள். டபிள்யூ.பி.ஏ.2 வேண்டும். அடாப்டர் தொலைந்திருந்தால் கையில் கிடைத்ததைக் குத்தாதீர்கள். 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பெட்டியின் அடியில் எழுதியிருக்கும். இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். தெரிந்தவர்களுக்கு மட்டும், அதுவும் உங்கள் சேவை நிறுவனத்தின் விதியைப் பார்த்துவிட்டு.

எதற்குமே உதவாது என்றால்? பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடாதீர்கள். செம்புக்காக வயரைக் கொளுத்துவார்கள், அந்தப் புகையை யாரோ ஒரு பிள்ளை சுவாசிக்கும். பலகையில் ஈயம் இருக்கும். மின்கழிவுக்கு 2012 முதலே நம் நாட்டில் விதி உண்டு. புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டியது அது.

அந்தப் பெண் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வேடிக்கை என்னவென்றால், கொரோனாவால் 2021ல் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை! "இவ்வளவு பாடுபட்டு, பரீட்சையே இல்லையே தாத்தா" என்று சிரித்தது. ஆனால் படித்த படிப்பு எங்கே போகும்? நேரடியாக இரண்டாம் ஆண்டு டிப்ளமோ சேர்ந்தது, எலக்ட்ரானிக்ஸ் பிரிவில். இன்று ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் வேலை. முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு புது ரூட்டர் வாங்கி வந்தது. பழையதைத் திருப்பித் தரச் சொன்னேன், தர மாட்டேன் என்றுவிட்டது.

நான் செய்தது பெரிய காரியம் இல்லை. மூன்று நாள் அந்தப் பிள்ளையைப் பார்த்தும் புரிந்துகொள்ளவில்லையே என்பதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்தல். பழுது கண்டுபிடிப்பதுதான் என் தொழில். வீட்டுக் கொல்லையில் இருந்த பழுது என் கண்ணில் படவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது உங்கள் பரணில் கிடக்கும் ரூட்டரையும் அடாப்டரையும் கொண்டு வாருங்கள். நம் லேபில் ஒரு மேஜை போடுவோம். மாணவர்கள் சோதித்துப் பார்க்கட்டும். ஓடுவதை, நெட் எட்டாத வீட்டில் இருந்து வரும் மாணவர்களுக்கு அவர்களே அமைத்துக் கொடுக்கட்டும். ஓடாததை முறைப்படி மறுசுழற்சிக்கு அனுப்புவோம். முதல்வர் ஐயா அனுமதி தந்தால், அந்த மேஜைக்கு முதல் ஆளாக நான் வந்து உட்காருகிறேன்.