கொப்பரை விலையும் பசிபிக் கடலும்



பட்டுக்கோட்டைப் பக்கம் காலையில் டீக்கடையில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் கேட்பது, "காய் என்ன விலை போவுது?" என்பதுதான். நெல்லுக்குக்கூட அப்படிக் கேட்க மாட்டார்கள். நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் ஒரு விலை இருக்கிறது. அந்தப் பருவம் முடியும்வரை அது மாறாது. தேங்காய்க்கு அப்படி இல்லை. ஏறக்குறைய 45 நாளைக்கு ஒரு வெட்டு, வெட்டுக்கு ஒரு விலை. போன வெட்டுக்கு வந்த அதே வியாபாரி இந்த வெட்டுக்கு வேறு விலை சொல்வார். ஏன் என்று கேட்டால், "காங்கேயத்துல இறங்கிப்போச்சுங்க" என்பார். காங்கேயம் கொப்பரைச் சந்தையில் ஏன் இறங்கியது என்று கேட்டால் அவரிடமும் பதில் இருக்காது. அந்தப் பதிலைத் தேடித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பதிலில் ஒரு பாதி உங்கள் தோப்பிலேயே தொங்குகிறது. நாளைக் காலையில் நன்றாகக் காய்க்கிற ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். குருத்தை ஒட்டி ஒரு பாளை வெடிக்காமல் ஈட்டிபோல நிற்கும். அதற்குக் கீழே இப்போதுதான் வெடித்த பாளை, அடுத்துக் குரும்பை, அதற்கும் கீழே இளநீர்க் குலை, அடியில் நெற்று. ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு பாளை வருகிறது. வெடித்த பாளை நெற்றாக ஒரு வருடம் ஆகிறது. ஆகவே ஒரு மரத்தில் பன்னிரண்டு மாதமும் ஒரே நேரத்தில் தொங்குகிறது. மேல் குலையிலும் கீழ்க் குலையிலும் பத்துப் பன்னிரண்டு காய் இருக்க, நடுவில் ஒரு குலையில் மட்டும் மூன்று காய் நின்றால், அந்தக் குலை குரும்பையாக இருந்த மாதத்தை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அது மோட்டார் ஓடாத மாதமாகவோ, மழை பொய்த்த மாதமாகவோ இருக்கும்.

இது கண்ணுக்குத் தெரிகிற கணக்கு. தெரியாத கணக்கு இதைவிட நீளம். குருத்துக்குள்ளே பாளைக் கரு உருவாகும் நாளிலிருந்து காய் முற்றும் நாள்வரை 44 மாதம் என்று தென்னை ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று நாம் வெட்டுகிற காய்க்குள் மூன்றரை வருடத்துக்கு மேற்பட்ட வெயிலும் மழையும் சேர்ந்திருக்கின்றன. வறட்சி வந்த வருடத்தைவிட அதற்கு அடுத்த வருடத்தில்தான் தென்னை அதிகமாக அடிவாங்கும். மழை திரும்பி, வாய்க்கால் நிறைந்து, எல்லாரும் நிம்மதியாக இருக்கும்போது காய் குறைந்துபோகும்.

கோதுமையோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு நன்றாகப் புரியும். இத்தாலிக்காரர்கள் பாஸ்தா செய்ய ரவையாக அரைக்கிற கோதுமைக்கு டூரம் என்று பெயர். அதை உலகத்துக்கு அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடு கனடா. 2021-இல் கனடாவின் மேற்குச் சமவெளியில் கடும் வறட்சி வந்தது. முந்தைய ஆண்டில் சுமார் 65 லட்சம் டன்னாக இருந்த டூரம் விளைச்சல் பாதிக்கும் கீழே போனது. விலை எகிறியது. ஆனால் அடுத்த ஆண்டு மழை பெய்தது, விதைத்தார்கள், பெரும்பகுதி மீண்டுவிட்டது. கோதுமைக்குப் போன வருடத்து ஞாபகம் கிடையாது. தென்னைக்கு அந்த ஞாபகம் உண்டு.

இனி பதிலின் மறுபாதியைத் தேடிக் கடலுக்கு வருவோம். உலகத் தேங்காயில் பெரும்பகுதி இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் விளைகிறது. 2023 நடுவில் பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடச் சூடேறியது. எல் நினோ என்று செய்திகளில் கேட்டிருப்பீர்கள். அது வரும்போது தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் மழை குறையும். நம்முடைய தென்மேற்குப் பருவமழையும் பல தடவை தடுமாறும். அந்த வருடம் ஆகஸ்டில் இந்தியாவில் பெய்த மழை, 1901 முதல் உள்ள கணக்கில் ஆகஸ்டுக்கு ஆகக் குறைவானது. ஜூன் 12 அன்று திறந்த மேட்டூர் அணையை அக்டோபர் 10 அன்று மூடினார்கள். டெல்டாவில் குறுவை கருகியதைப் பற்றி எல்லாரும் பேசினோம். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் தென்னைக்குள்ளே கருகிய பாளையைப் பற்றி யாரும் பேசவில்லை. அது அப்போது கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்போது விலையும் கிடையாது என்பதுதான் கொடுமை. 2023-இல் அரவைக் கொப்பரைக்கு ஒன்றிய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய். வெளிச்சந்தையில் அந்த விலை கிடைக்காமல், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கொப்பரையைக் கொட்டிக் காத்திருந்தோம். ரேஷன் கடையில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகள் தெருவில் நின்று கேட்டார்கள். உரிகூலியும் வெட்டுக்கூலியும் வண்டிச்சத்தமும் போனால் கையில் என்ன மிஞ்சும்? தோப்புக்கு உரம் வைப்பதை நிறுத்தினோம். வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கருப்பாகப் படிந்தபோதும் பல பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு 2024-இன் பிற்பகுதியில் விலை ஏறத் தொடங்கியது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் காய் குறைந்தது, இங்கேயும் குறைந்தது. அந்த செப்டம்பரில் இந்தியா சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை உயர்த்தியது. அக்டோபரில் பிலிப்பைன்ஸ் அரசு டீசலில் கலக்கும் தேங்காய் எண்ணெய் எரிபொருளை 2 சதவீதத்திலிருந்து 3 ஆக்கியது. இருக்கிற கொஞ்ச எண்ணெயில் ஒரு பங்கு லாரிக்குப் போனது. 2023-இல் சராசரியாக டன் 1,100 டாலருக்கும் குறைவாக இருந்த தேங்காய் எண்ணெயின் உலகச் சந்தை விலை, 2025 நடுவில் 2,500 டாலரைத் தாண்டியது. நம்மூரில் கொப்பரை கிலோ 200 ரூபாய்க்கு மேல் போனது. அந்த ஆண்டின் ஆதார விலை கிலோவுக்கு 116 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கேட்பாரற்றுக் கிடந்த களங்களில் மறுபடியும் பருப்பு காய்ந்தது. ஒரு சில்லை எடுத்து ஒடித்து, அந்தச் சத்தத்தை வைத்தே ஈரம் பார்க்கிற பெரியவர்களுக்கு மறுபடியும் மரியாதை வந்தது.

மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்த விலைக்குள் இன்னொரு நாட்டுத் தோப்புக்காரரின் இழப்பு இருக்கிறது. அந்த வலி நமக்குத் தெரியாததல்ல. 2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் பிலிப்பைன்ஸில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட தென்னைகளைப் பாழாக்கியது. ஐந்து வருடம் கழித்து, 2018 நவம்பர் 16 விடியலில், கஜா புயல் நம் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. அன்று காலையில் மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலைசாய்த்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதன்பின் வைத்த நெட்டைக் கன்றுகள் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம். விலை ஏறிய 2025-இல்தான் அவற்றில் பல முதல் பாளை விட்டன.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது அரசுக்கு. கொப்பரை ஏலம் நடக்கிற விற்பனைக்கூடங்களில் அன்றன்றைய விலையை எழுதுகிற பலகையிலேயே, பிலிப்பைன்ஸ், இந்தோனேசிய மழை நிலவரத்தையும் மாதம் ஒருமுறை எழுதிப் போட வேண்டும். எல் நினோ வருகிறது என்று வானிலைத் துறை சொன்னால், ஒன்றரை வருடம் கழித்துக் காய் என்ன ஆகும் என்பதை வேளாண் துறை நமக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது உங்களுக்கு. விலை எப்படி இருந்தாலும் ஆனி-ஆடியில் ஒருமுறை, மார்கழி-தையில் ஒருமுறை என்று உரம் வைப்பதை நிறுத்தாதீர்கள். ரகம், நோய் பற்றிய சந்தேகம் இருந்தால் பக்கத்திலேயே வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, போய்க் கேளுங்கள். உரிமட்டையை எல்லாம் விற்றுவிடாமல், ஒரு பங்கை மரத்தைச் சுற்றிக் குழியெடுத்து, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மூடுங்கள். மழைத் தண்ணீரை அது பிடித்துவைக்கும். அடுத்த வறட்சியில் மரம் அந்த ஈரத்தைத்தான் குடிக்கும்.